முகூர்த்த மாதமும் செமஸ்டர் மாதமும்

கேள்வி: அக்கா, நான் பல்லாவரத்தில் இருக்கிறேன். ஜி.எஸ்.டி. சாலையில் உள்ள ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் இ.சி.இ. மூன்றாம் ஆண்டு. இரண்டு போட்டோகிராஃபர் அண்ணன்களுக்குக் கல்யாண ஆல்பம் டிசைன் செய்கிறேன், ரீல்ஸும் எடிட் செய்து தருகிறேன். மாதம் 12,000 முதல் 15,000 ரூபாய் வருகிறது. 8,000 வீட்டுக்குக் கொடுத்துவிடுவேன்; தங்கை ப்ளஸ் டூ படிக்கிறாள். ‘சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ்’ பேப்பரில் அரியர் விழுந்துவிட்டது, வீட்டில் சொல்லவில்லை. இந்த செமஸ்டரில் அட்டெண்டன்ஸ் 71 சதவீதத்தில் நிற்கிறது. ராத்திரி இரண்டு மணிக்குப் படுத்து, ஆறே காலுக்குக் காலேஜ் பஸ் பிடிக்கிறேன். டைம்டேபிள் போட்டுப் பார்த்தேன், நான்கு நாள்கூடத் தாங்கவில்லை. வேலையை விட்டுவிடட்டுமா?
– பெயர் வேண்டாம், பல்லாவரம்

பதில்: விட வேண்டாம் தம்பி. உங்கள் வேலையில் ஒரு பாதியை மட்டும், கொஞ்ச காலத்துக்கு நிறுத்தினால் போதும். எந்தப் பாதி என்று சொல்கிறேன்.

முதலில் அட்டெண்டன்ஸ், அதுதான் அவசரம். அண்ணா பல்கலைக்கழக விதிப்படி 75 சதவீதம் வேண்டும். 65க்கும் 75க்கும் இடையில் இருப்பவர்களுக்கு மருத்துவக் காரணம் மாதிரி சிலவற்றுக்குச் சான்றிதழோடு சலுகை உண்டு. ஆல்பம் வேலைக்கு அது கிடைக்காது. கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். ஒரு நாளைக்கு ஏழு பீரியட், இதுவரை 60 நாள் நடந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: 420 பீரியடில் நீங்கள் இருந்தது 298. இன்னும் 30 நாள், அதாவது 210 பீரியட் பாக்கி. மொத்தம் 630க்கு 75 சதவீதம் 473. ஆக, பாக்கியில் 175 பீரியட் உட்கார்ந்தே ஆக வேண்டும். உங்களிடம் மிச்சம் இருப்பது ஐந்தே நாள் லீவு. உங்கள் கல்லூரியின் சரியான எண்களை வகுப்பு ஆசிரியரிடம் கேட்டு இதே கணக்கைப் போட்டு, வரும் விடையை லேப்டாப் மூடியில் ஒட்டிவையுங்கள். காலை எழும்போது “இன்னிக்கு ஒரு நாள்தானே” என்று தோன்றினால், ஐந்தில் ஒன்று போகிறது என்பது கண்ணில் படும்.

சரி, டைம்டேபிள் ஏன் நாலு நாளில் உடைந்தது? நீங்கள் நாளைப் பிரித்தீர்கள். உங்கள் சிக்கல் மாதத்தில் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் முகூர்த்தம் குவியும், பல்கலைக்கழகத் தேர்வும் நவம்பர்–டிசம்பரில் வரும். அடுத்து சித்திரை, வைகாசி முகூர்த்தம், ஏப்ரல்–மே தேர்வு. வருடத்துக்கு இரண்டு முறை இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று வந்து உட்காரும். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை, அப்போது தேர்வும் பெரும்பாலும் இருக்காது. ஒரு தினசரி காலண்டரை எடுத்து முகூர்த்த நாள்களுக்குச் சிவப்புப் பேனா, இன்டர்னலுக்கும் செமஸ்டருக்கும் நீலப் பேனா என்று சுழித்துப் பாருங்கள், தெரிந்துவிடும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். 2002இல் மாலை நேரக் கல்லூரியில் எம்.ஏ. படித்தபடி, திருவல்லிக்கேணியில் ஓர் அச்சகத்துக்குப் பேஜ்மேக்கர் மென்பொருளில் பக்கம் அமைத்துக் கொடுத்தேன். வருடம் முழுக்க சமாளித்த வேலைதான். அக்டோபர் வந்ததும் மாத காலண்டர், டைரி என்று ஆர்டர் கொட்டும். ஜனவரி ஒன்றாம் தேதிக்குள் கடைக்காரர் கையில் இருந்தாக வேண்டும். ஒரு ஜவுளிக்கடை காலண்டருக்கு ஒரே ராத்திரியில் நான்கு முறை ப்ரூஃப் மாற்றினேன். நான்காவது முறை மாற்றியது கடையின் போன் நம்பரில் ஓர் எண். மறுநாள் காலை தேர்வுக் கூடத்தில், நன்றாகத் தெரிந்த பாடத்துக்குப் பதில் எழுத முடியாமல் விரல் நடுங்க உட்கார்ந்திருந்தேன். அந்தப் பேப்பர் போனது. அன்றைக்கு அழுத அழுகை இன்னும் நினைவிருக்கிறது. அதனால்தான் உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன்.

இப்போது உங்கள் வேலைக்கு வருவோம். ஆல்பமும் ரீல்ஸும் ஒரே மாதிரி வேலை கிடையாது. ரீல்ஸ் என்றால் தாலி கட்டிய அன்றைக்கே கேட்பார்கள். ராத்திரி பத்து மணிக்கு போன் வரும், காலையில் ஸ்டேட்டஸில் இருக்க வேண்டும். ஆல்பம் அப்படி இல்லை. கல்யாண வீட்டில் உட்கார்ந்து போட்டோ தேர்ந்தெடுக்கவே வாரக்கணக்கில், சில வீடுகளில் மாதக்கணக்கில் ஆகிறது. அதற்குத் தேதி சொல்வது உங்கள் கையில் இருக்கிறது. இப்போது புரட்டாசி. ஐப்பசி பிறந்ததிலிருந்து கடைசித் தேர்வு முடியும் வரை ரீல்ஸை நிறுத்திவிடுங்கள். ஆல்பம் வாரத்துக்கு ஒன்று, அதுவும் வெள்ளி மாலையும் சனிக்கிழமையும் மட்டும். தேர்வு நடக்கும் வாரங்களில் அதுவும் வேண்டாம். ஐப்பசி, கார்த்திகைக் கல்யாண ஆல்பங்கள் மார்கழியில்தான் உங்கள் கைக்கு வந்து சேரும், அப்போது உங்களுக்கு செமஸ்டர் லீவு. விட்ட வருமானத்தில் பெரும்பகுதியை அங்கே எடுத்துவிடலாம்.

போட்டோகிராஃபரிடம் எப்படிச் சொல்வது என்று தயங்காதீர்கள். இப்போதே, முகூர்த்தம் தொடங்கும் முன்பே சொல்லுங்கள்: “அண்ணா, எனக்கு நவம்பரில் செமஸ்டர். ஐப்பசி ஒன்றாம் தேதியிலிருந்து பரீட்சை முடியும் வரை ரீல்ஸ் எடுக்க முடியாது. ஆல்பம் வாரம் ஒன்று தருகிறேன். கரெக்‌ஷனை மொத்தமாக எழுதி ஒரே தடவையில் அனுப்புங்கள், சனிக்கிழமை பார்த்துக் கொடுத்துவிடுவேன். ரீல்ஸுக்கு என் ஜூனியர் பையன் ஒருத்தன் இருக்கிறான், அவன் செய்ததை அனுப்பட்டுமா?” முன்கூட்டிச் சொல்கிறவரை யாரும் கோபித்துக்கொள்வதில்லை. கல்யாணத்துக்கு முதல் நாள் போனை எடுக்காதவரைத்தான் அடுத்த முறை கூப்பிட மாட்டார்கள்.

அரியர் பேப்பரை இந்த முறையே முடித்துவிடுங்கள். கேம்பஸுக்கு வரும் பல நிறுவனங்கள் நிலுவையில் அரியர் இருந்தால் உட்காரவே விடுவதில்லை. ஃபூரியே, லாப்லாஸ், இசட் டிரான்ஸ்ஃபார்ம் எல்லாம் ராத்திரி ஒரு மணிக்குப் படித்து ஏறுகிற பாடம் இல்லை. கையால் கணக்குப் போட்டால்தான் வரும். ஞாயிற்றுக்கிழமை காலை லேப்டாப்பை வீட்டிலேயே வைத்துவிட்டு, ரயிலில் சைதாப்பேட்டை வந்து, அங்கிருந்து கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குப் போங்கள். சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கத் தனிப் பிரிவே இருக்கிறது. நடப்பு செமஸ்டரில் இன்டர்னல் தேர்வுகளை விட்டுவிடாதீர்கள். உங்கள் 2021 விதிமுறையில் தியரி பேப்பருக்கு 40 மதிப்பெண் அங்கேதான் இருக்கிறது. காலேஜ் பஸ்ஸில் கிளையன்டுக்குப் பதில் போடாதீர்கள், படிக்கவும் வேண்டாம். தூங்குங்கள். நான்கு மணி நேரத் தூக்கத்தோடு ஓடுகிற உடம்புக்கு அந்த ஒரு மணி நேரம் பெரிய விஷயம்.

கடைசியாக, வீட்டில் சொல்லுங்கள். இரண்டு மாதம் 8,000 என்பது 4,000 ஆகலாம். காரணம் தெரியாமல் குறைந்தால் அம்மா வேறு எதையாவது நினைத்துப் பயப்படுவார். அரியரையும் அந்த ஐந்து நாள் கணக்கையும் ஒரு ஞாயிறு மதியம் சாப்பிட்டு முடித்த பிறகு, அப்பாவும் அம்மாவும் இருக்கும்போது சொல்லுங்கள். மகன் சம்பாதித்துக் கொடுத்த பணத்தில் மகள் படிக்கிறாள் என்று தெரிந்தவர்கள் அவர்கள். திட்டினாலும் பக்கத்தில் நிற்பார்கள்.

கேள்வி: பி.ஏ. ஆங்கிலம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஒரு நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தே மொழிபெயர்த்துக் கொடுத்தேன். பேசிய தொகையில் 20 சதவீதம் பிடித்துக்கொண்டு அனுப்பியிருக்கிறார்கள். கேட்டால் ‘டி.டி.எஸ்.’ என்கிறார்கள். ஏமாற்றுகிறார்களா மேடம்?
– கல்லூரி மாணவி, பெரம்பூர்

பதில்: ஏமாற்று இல்லையம்மா. டி.டி.எஸ். என்பது பணம் கொடுப்பவரே முன்கூட்டிப் பிடித்து அரசுக்குக் கட்டும் வருமான வரி. நீங்கள் பான் எண் கொடுத்திருக்க மாட்டீர்கள். இப்படிப்பட்ட தொழில்முறைக் கட்டணத்துக்குப் பொதுவாகப் பிடிப்பது 10 சதவீதம். பான் இல்லாவிட்டால் 20. ஆதாரில் உங்கள் செல்போன் எண் இணைந்திருந்தால் வருமான வரித் துறை இணையதளத்தில் இ-பான் கட்டணமில்லாமல் கிடைக்கும், இன்றைக்கே வாங்கிவிடுங்கள். பிறகு அந்த நிறுவனத்தின் அக்கவுண்ட்ஸ் பிரிவுக்கு மெயில் அனுப்பி, உங்கள் பான் எண்ணைச் சேர்த்து டி.டி.எஸ். விவரத்தைத் திருத்தித் தாக்கல் செய்யும்படி கேளுங்கள். உங்கள் பெயரில் வரவு வந்துவிட்டால், ஆண்டு வருமானம் வரி வரம்புக்குள் இருக்கும் பட்சத்தில், ரிட்டர்ன் தாக்கல் செய்து பிடித்த பணத்தைத் திரும்ப வாங்கலாம். அடுத்த வேலைக்கு முன்னால் எத்தனை வார்த்தை, வார்த்தைக்கு எவ்வளவு, எந்தத் தேதிக்குள் பணம் என்ற மூன்றையும் மெயிலில் எழுதி வாங்குங்கள். போனில் பேசியதை நம்பி நான் இரண்டு மாத உழைப்பை இழந்திருக்கிறேன்.

கேள்வி: மகள் ப்ளஸ் டூ முடித்துவிட்டாள். சாயந்திரம் ஆன்லைனில் டியூஷன் எடுத்துச் சம்பாதிக்கிறாள். கல்லூரியில் காலை ஷிஃப்டா, மதிய ஷிஃப்டா?
– ஒரு தாய், கொரட்டூர்

பதில்: காலை ஷிஃப்ட். பள்ளிப் பிள்ளைகள் டியூஷனுக்கு உட்காருவது மாலை ஐந்துக்கு மேல்தான். மதிய ஷிஃப்ட் முடிந்து பஸ் பிடித்து வீடு வர ஏழாகிவிடும். இன்னொன்றும் பாருங்கள் அம்மா. சென்னையில் பல அரசு உதவி பெறும் கல்லூரிகளில் மதிய ஷிஃப்ட் சுயநிதிப் பிரிவாக இருக்கும், கட்டணம் அதிகம். விண்ணப்பத்தில் ஷிஃப்டைத் தேர்வு செய்யும் முன் இரண்டுக்கும் கட்டணத்தைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சேர்ந்த பிறகு மாற்றிக்கொள்வது சுலபமில்லை.