கணினிக் கேள்வி-பதில்: பழைய பெட்டியை மாற்றும் முன்

கேள்வி: 2012-இல் வாங்கிய டெஸ்க்டாப் வீட்டில் இருக்கிறது. ஐ3-3220 பிராசசர், 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 7. ஆன் செய்தால் திரை வருவதற்குள் காபி ஆறிவிடுகிறது. பேங்க் தளம் திறக்க மறுக்கிறது. மெயில், யூடியூப், தமிழில் கட்டுரை தட்டுவது, வருஷத்துக்கு ஒருமுறை பென்ஷனுக்கான வாழ்நாள் சான்று, இவ்வளவுதான் வேலை. கடையில் கேட்டால், “எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குங்க சார்” என்கிறார்கள். வேறு வழி இல்லையா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், திருப்பாதிரிப்புலியூர்

பதில்: இருக்கிறது ஐயா. உங்கள் பெட்டியில் கிழடு தட்டியது ஹார்டு டிஸ்க்கும் விண்டோஸ் 7-உம்தான். பிராசசர் இன்னும் சில வருஷம் ஓடும்.

பேங்க் தளம் திறக்காததற்குக் காரணம் பிரவுசர். விண்டோஸ் 7-க்கான மைக்ரோசாஃப்ட்டின் ஆதரவு 2020 ஜனவரி 14-இல் முடிந்தது. குரோம் அதில் 109-ஆம் பதிப்போடு நின்றுவிட்டது. அதற்கு மேல் ஏறாது. இன்னொன்றையும் பாருங்கள்: ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் தேதி பழைய வருஷத்துக்குப் போகிறதா? போனால் மதர்போர்டில் உள்ள காசு வடிவ பேட்டரி தீர்ந்திருக்கிறது. சிஆர்2032 என்று கேட்டால் கைக்கடிகாரக் கடையிலேயே கிடைக்கும். தேதி தப்பாக இருந்தால் எந்தப் புது பிரவுசரும் பாதுகாப்பான தளங்களைத் திறக்காது.

வாங்க வேண்டியவை இரண்டு: 240 அல்லது 256 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத, வேகமான டிஸ்க்) ஒன்று, 4 ஜிபி டிடிஆர்3 ரேம் ஒன்று. எஸ்எஸ்டி இரண்டரை அங்குல அளவில் இருக்க வேண்டும். கடைக்காரர் நீட்டும் மெல்லிய எம்.2 பட்டை உங்கள் போர்டில் பொருந்தாது. இந்தப் பிராசசரோடு அந்தக் காலத்தில் பெரும்பாலும் எச்61 போர்டுதான் கொடுத்தார்கள். அதில் சாட்டா வேகம் பாதிதான் என்பதால் விலை கூடிய எஸ்எஸ்டி எடுத்துப் பயனில்லை. அந்தப் பாதி வேகமே பழைய ஹார்டு டிஸ்க்கைவிடப் பல மடங்கு. ரேம் புத்தம் புதிதாக வேண்டாம், வேறு கணினியிலிருந்து கழற்றிய டிடிஆர்3 போதும். 2025 கடைசியிலிருந்து ரேம் விலை ஏறிக்கிடப்பதால் இதில் மிச்சம் பிடிப்பது நல்லது.

இனி விண்டோஸா, இலவச இயங்குதளமான லினக்ஸா? விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக இன்டெல் எட்டாம் தலைமுறை முதல்தான். உங்களுடையது மூன்றாம் தலைமுறை. குறுக்கு வழியில் ஏற்றித் தருகிறோம் என்பார்கள், ஏறவும் செய்யும். ஆனால் அப்படி ஏற்றிய கணினிக்கு அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. பேங்க் வேலை பார்க்கும் கணினியில் அந்த விளையாட்டு எதற்கு? விண்டோஸ் 10-இன் ஆதரவும் 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. நீங்கள் சொன்ன வேலைகளுக்கு லினக்ஸ் மிண்ட் 22 வரிசையில் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பு சரியாக இருக்கும். பணம் கட்ட வேண்டாம், 2029 வரை அப்டேட் வரும். வாழ்நாள் சான்றை இப்போது செல்போனிலேயே முகத்தைக் காட்டி எடுத்துவிடலாம், அதற்குக் கணினி தேவையே இல்லை.

ஏற்றும் முறை: வேறொரு கணினியில் மிண்ட் கோப்பை இறக்கி (3 ஜிபி அளவு), ரூஃபஸ் மென்பொருளால் 8 ஜிபி பென் டிரைவில் எழுதுங்கள். பென் டிரைவில் முன்பு இருந்தது எல்லாம் அழியும். கணினியை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, பழைய ஹார்டு டிஸ்க்கின் சாட்டா கேபிளைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டியை மாட்டுங்கள். இதை விட்டுவிடாதீர்கள். ‘டிஸ்க்கை அழித்து நிறுவு’ என்ற வழியைத் தேர்ந்தால் மிண்ட் அழிப்பது சி டிரைவை மட்டும் அல்ல. டி, ஈ என்று எத்தனை பிரித்திருந்தாலும் அந்த டிஸ்க் முழுக்கப் போய்விடும். “டி டிரைவில் போட்டா எல்லாம் பத்திரம்” என்று நம்பிக் கல்யாண ஆல்பத்தைத் தொலைப்பது இந்த இடத்தில்தான்.

ஆன் செய்து எஃப்12, எஃப்11, எஃப்8 இவற்றில் உங்கள் போர்டுக்கு எதுவோ அதை அழுத்தி பென் டிரைவிலிருந்து தொடங்குங்கள். நிறுவாமலே மிண்ட் திறக்கும். யூடியூப் ஒலி கேட்கிறதா, பிரிண்டர் ஒரு தாள் அடிக்கிறதா என்று பார்த்துவிட்டு, பிறகு நிறுவுங்கள். பிரிண்டர் கேனான் எல்பிபி2900 என்றால் இங்கேயே நிறுத்தி யோசியுங்கள்: லினக்ஸில் அதை ஓட வைப்பது பெரும் மல்லுக்கட்டு. எச்பி லேசர்ஜெட் 1020 என்றால் எச்பிலிப் (எச்பியின் லினக்ஸ் டிரைவர்) வழியாக ஒரு பிளக்-இன் இறக்கினால் போதும். எப்சன் டேங்க் பிரிண்டர்கள் பெரும்பாலும் சொன்னபடி கேட்கும்.

தமிழுக்கு, சாஃப்ட்வேர் மேனேஜரில் ஐபஸ்-எம்17என் என்பதை நிறுவி, ஒருமுறை வெளியேறி உள்ளே வந்தால் தமிழ்99, ஒலியியல், தட்டச்சு முறை மூன்றும் பட்டியலில் கிடைக்கும். எல்லாம் முடிந்ததும் பழைய டிஸ்க்கின் கேபிளை மாட்டுங்கள். கோப்புகள் திறக்கும், ஆனால் எதையும் சேமிக்க முடியாமல் போனால், அந்த டிஸ்க்கில் விண்டோஸ் ஒழுங்காக அணைக்கப்படவில்லை என்று பொருள். அதிலிருந்து ஒருமுறை பூட் செய்து, ஸ்லீப்போ ஹைபர்னேட்டோ இல்லாமல் ஷட் டவுன் கொடுத்தால் சரியாகும்.

கேள்வி: டிடிபி, பத்திரம் தட்டச்சு செய்யும் கடை வைத்திருக்கிறேன். ஐ5-8400, 8 ஜிபி, விண்டோஸ் 10. பழைய ஃபைல் எல்லாம் வானவில் எழுத்துருவில். டேலி உண்டு, ஜிஎஸ்டிக்கு டிஜிட்டல் கையொப்ப டோக்கனும் உண்டு. பிராசசர் எட்டாம் தலைமுறைதான், ஆனாலும் ‘விண்டோஸ் 11-க்குத் தகுதியில்லை’ என்று வருகிறது. பேசாமல் லினக்ஸுக்குப் போய்விடலாமா?
– முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: போக வேண்டாம். டேலி விண்டோஸுக்கானது. வானவில் கோப்புகளை எழுத்துருவை மட்டும் நகலெடுத்து லினக்ஸில் படித்துவிடலாம். ஆனால் அந்த எழுத்துருவில் தட்டும் மென்பொருள் விண்டோஸுக்கானது. இவற்றோடு டோக்கனும் சேர்ந்தால், லினக்ஸில் தினமும் பாதி நாள் ஒட்டுப்போடும் வேலைதான்.

தகுதியில்லை என்று வருவதற்குக் காரணம் பெரும்பாலும் இரண்டு: டிபிஎம் (பாதுகாப்புச் சாவிகளைக் காக்கும் பகுதி) அணைந்திருக்கும், விண்டோஸ் 10-ஐ இப்போதைய யூஇஎஃப்ஐ முறையில் இல்லாமல் பழைய லெகசி முறையில் ஏற்றியிருப்பார்கள். ரன் கட்டத்தில் டிபிஎம்.எம்எஸ்சி என்று ஆங்கில எழுத்தில் தட்டினால் முதலாவது தெரியும். எம்எஸ்இன்ஃபோ32 தட்டினால் ‘பயாஸ் மோட்’ என்ற வரியில் லெகசியா, யூஇஎஃப்ஐயா என்பது தெரியும்.

முதலில் டேலி டேட்டா ஃபோல்டர், எழுத்துருக்கள், வாடிக்கையாளர் கோப்புகள் அனைத்தையும் வெளி டிஸ்க்கில் எடுங்கள். டிஸ்க்கில் பிரைமரி பார்டிஷன் மூன்றுக்கு மேல் இருக்கக் கூடாது. இருந்தால் அடுத்த கட்டளை மறுத்துவிடும். அட்மினிஸ்ட்ரேட்டராகக் கட்டளைத் திரையைத் திறந்து, டிஸ்க்கை யூஇஎஃப்ஐ-க்கு ஏற்றபடி மாற்றும் எம்பிஆர்2ஜிபிடி கட்டளையை, ‘முழு விண்டோஸிலிருந்தே ஓடு’ என்ற ஆல்லோஃபுல்ஓஎஸ் சேர்க்கையோடு, முதலில் வேலிடேட் என்று ஓடவிடுங்கள். அது சரியென்றால் மட்டும் கன்வெர்ட். பிறகு பயாஸில் (ஆன் செய்ததும் நுழையும் அமைப்புத் திரை) லெகசி முறைக்கான சிஎஸ்எம்மை அணைத்து, டிபிஎம் வேலையைச் செய்யும் இன்டெல் பிடிடியையும் செக்யூர் பூட்டையும் போடுங்கள். டிபிஎம் என்று தனிச் சில்லு வாங்கச் சொன்னால் வாங்காதீர்கள், பிடிடி உங்கள் போர்டுக்குள்ளேயே இருக்கிறது.

இதில் சறுக்கும் இடம் ஒன்று. பழைய கிராபிக்ஸ் கார்டு தனியாக மாட்டியிருந்தால், சிஎஸ்எம்மை அணைத்ததும் திரை கறுத்துப்போகலாம். கார்டைக் கழற்றி, மானிட்டரை மதர்போர்டின் போர்ட்டிலேயே மாட்டுங்கள். அப்போதும் வராவிட்டால் பிளக்கைப் பிடுங்கி, காசு பேட்டரியைச் சில நிமிடம் எடுத்து மாட்டினால் பயாஸ் பழைய நிலைக்குத் திரும்பும்.

சீசன் நேரத்தில் கடையை மூடிக்கொண்டு இதைச் செய்ய முடியாது என்றால், விண்டோஸ் 10-க்கான நீட்டித்த பாதுகாப்பு அப்டேட்டில் பதிவு செய்யலாம். தனிநபர் கணினிகளுக்கு அது 2026 அக்டோபர் 13 வரை. விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே அதற்கான இணைப்பு வரும், மைக்ரோசாஃப்ட் கணக்கு தேவை. புது லேப்டாப் வாங்குவதாக இருந்தால் ஸ்னாப்டிராகன் பிராசசர் உள்ளதைத் தவிருங்கள்: பழைய பிரிண்டருக்கும் டோக்கனுக்கும் டிரைவர் கிடைக்காமல் திண்டாடுவீர்கள்.

கேள்வி: பிரான்சில் இருக்கும் மகள் தன் லேப்டாப்பைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். எல்லாம் பிரெஞ்சில் வருகிறது. ஏ அழுத்தும் இடத்தில் க்யூ இருக்கிறது. சார்ஜர் போட்டிருக்கும்போது மேல்மூடியில் கை வைத்தால் லேசாகச் சுரீர் என்கிறது. விண்டோஸை அழித்துவிட்டு வேறு போடலாமா?
– லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: அழிக்க வேண்டாம் அம்மா. விண்டோஸ் விசையோடு ஐ அழுத்தினால் செட்டிங்ஸ் திறக்கும். கடிகாரப் படம் போட்ட வரிதான் மொழிக்கானது. அங்கே இங்கிலீஷ் இந்தியா, தமிழ் இரண்டையும் சேர்த்து, இங்கிலீஷை முதல் இடத்துக்கு ஏற்றி, வெளியேறி உள்ளே வாருங்கள். ‘சிங்கிள் லாங்குவேஜ்’ பதிப்பாக இருந்தால் மட்டும் இது நடக்காது.

அதன்பின் வரும் சிக்கல் பாஸ்வேர்டு. விசைப்பலகை இங்கிலீஷுக்கு மாறியதும் ஏ-க்யூ, இசட்-டபிள்யூ இடம் மாறிவிடும், எம்மும் நகர்ந்துவிடும். எண்களுக்கு முன்பு ஷிஃப்ட் தேவைப்பட்டது, இனி தேவையில்லை. சரியான பாஸ்வேர்டையே தப்பு என்று சொல்லும். கட்டத்தின் ஓரத்தில் உள்ள கண் படத்தை அழுத்தி, என்ன விழுகிறது என்று பார்த்துத் தட்டுங்கள். அச்சிட்டதைப் பார்த்தே தட்டுபவர் என்றால் இங்கிலீஷின் கீழேயே பிரெஞ்சு அசெர்ட்டி பலகையைச் சேர்த்து வைத்துக்கொள்வது நிம்மதி.

தமிழ்99 எழுத்தைப் பார்ப்பதில்லை, விசையின் இடத்தைத்தான் பார்க்கிறது. ஆகவே ஏ என்று அச்சிட்ட விசையில் ‘ஆ’ வரும், க்யூ என்று அச்சிட்டதில் ‘அ’, எம் என்று அச்சிட்டதில் ‘ந’. விரல் பழகியவர்களுக்கு வித்தியாசமே தெரியாது.

சுரீர் என்பதற்குக் காரணம் எர்த் இல்லாதது. பிரான்சிலும் 230 வோல்ட்தான், அதனால் சார்ஜருக்கு ஆபத்தில்லை. ஆனால் அந்த ஊர் பிளக்குக்கு எர்த் தருவது சுவர் சாக்கெட்டில் துருத்தி நிற்கும் ஒரு முள். நம் சாக்கெட்டில் அது இல்லை, கன்வெர்ட்டர் போட்டாலும் எர்த் சேராது. சார்ஜரின் கறுப்புப் பெட்டியில் ஒயர் கழலும் இடத்தைப் பாருங்கள். மூன்று பின் இருந்தால், அதற்கான இந்திய மூன்று பின் பவர் கேபிள் நம் ஊர்க் கடைகளிலேயே கிடைக்கும். அதை மாட்டியும் சுரீர் போகாவிட்டால் வீட்டு எர்த்தை எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள்.

கேள்வி: ரீஃபர்பிஷ்டு டெஸ்க்டாப், ‘ஐ5, 16 ஜிபி’ என்று மலிவாகத் தருகிறார்கள். வாங்கலாமா?
– நெல்லிக்குப்பம்

பதில்: ஐ5 என்பது பாதிப் பெயர். மீதி எண்ணைக் கேளுங்கள். ஐ5-6500 ஆறாம் தலைமுறை, விண்டோஸ் 11-க்குத் தகுதியில்லை. ஐ5-8500 எட்டாம் தலைமுறை, தகுதி உண்டு. விலையில் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் அந்த ஒற்றை இலக்கம்தான். கடையிலேயே கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ ஓட்டி, எஸ்எஸ்டி ‘குட்’ என்று நீலத்தில் காட்டுகிறதா பாருங்கள், மஞ்சள் என்றால் வேறு கேளுங்கள். அலுவலகங்களிலிருந்து வரும் இந்தச் சின்னப் பெட்டிகளில் பவர் சப்ளை தனி அளவு, போனால் சாதாரண எஸ்எம்பிஎஸ் பொருந்தாது. பலவற்றில் டிஸ்ப்ளே போர்ட் மட்டும் இருக்கும், உங்கள் பழைய விஜிஏ மானிட்டருக்கு ஒரு அடாப்டர் சேர்த்து வாங்க வேண்டும். வைஃபையும் பெரும்பாலும் உள்ளே இருக்காது. வாரண்டியை பில்லில் எழுதி வாங்குங்கள்.

கேள்வி: ஒரு மாதம் வெளியூர் போய்விட்டு வந்து ஆன் செய்தால் பீப் பீப் என்று மட்டும் கத்துகிறது. திரை வரவில்லை. மாற்றிவிடலாமா?
– கடலூர் முதுநகர்

பதில்: அவசரப்பட வேண்டாம். கடற்கரை ஊர்களில் ரேமின் பொன்னிறப் பற்களில் உப்பும் ஈரமும் சேர்ந்து படலம் கட்டும், தொடர்பு விட்டுப்போகும். பிளக்கைப் பிடுங்கி, ரேமைக் கழற்றி, பென்சில் ரப்பரால் பற்களை மெல்லத் தேய்த்து, துகளைத் துடைத்து, ‘டக்’ சத்தம் வரும்வரை அழுத்தி மாட்டுங்கள். உப்புத்தாளால் தேய்த்தால் பொன்பூச்சு போய்விடும். அடுத்தமுறை ஊருக்குப் போகும்போது வாரம் ஒருமணி நேரம் யாரையாவது ஓடவிடச் சொல்லுங்கள்; பெட்டி சூடானால் ஈரம் தங்காது.

கேள்வி: பழைய கணினியைக் காயலான் கடையில் போடுகிறேன். டிஸ்க்கை ஃபார்மட் செய்தால் போதுமா?
– மஞ்சக்குப்பம்

பதில்: போதாது. வழக்கமான குவிக் ஃபார்மட் அட்டவணையை மட்டும் அழிக்கிறது, கோப்புகளை மீட்டுவிடலாம். மிண்ட் பென் டிரைவிலிருந்து தொடங்கி, ‘டிஸ்க்ஸ்’ கருவியில் முழு டிஸ்க்கையும் பூஜ்யத்தால் மேலெழுதும்படி ஃபார்மட் கொடுங்கள். 500 ஜிபிக்குச் சில மணி நேரம் ஆகலாம். ஓடவே ஓடாத டிஸ்க் என்றால் கழற்றி உங்களிடமே வைத்துக்கொண்டு மீதியை மட்டும் போடுங்கள். எஸ்எம்பிஎஸ், மானிட்டர், ரேம் மூன்றையும் எடைக்குப் போடுவதற்கு முன் சர்வீஸ் கடையில் ஒருமுறை கேட்டுப் பாருங்கள், நல்ல டிடிஆர்3 ரேமுக்கு இப்போதும் கிராக்கி இருக்கிறது.