கேள்வி-பதில்: பின்பக்கக் காலி இடம் சும்மா கிடக்கவில்லை

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். ஊர் நடுவில் இருக்கும் வணிக வளாகத்தை விரிவாக்கப் போகிறார்கள், நாங்கள் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறார்கள். நகராட்சி வளாகமும் இருக்கிறது, தனியார் வளாகமும் இருக்கிறது. ஊர்ப் பெயர் வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் அவர்கள் ஊரைப் போடவில்லை. எல்லோருக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். டீக்கடையில் கேட்டதை வைத்து எழுதாதீர்கள். கட்டட அனுமதி கொடுத்த அலுவலகத்தின் முத்திரை விழுந்த வரைபடத்தைப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

எங்கள் வளாகம் தரைத்தளமும் ஒரு மாடியும். மேலே இன்னும் இரண்டு மாடி எழுப்பப் போகிறார்களாம். தாங்குமா?
- தையல் கடைக்காரர்

கட்டி எத்தனை வருஷம் ஆயிற்று, தூண் என்ன அளவு, அடித்தளம் என்ன வகை, எதையும் எழுதவில்லை. தாங்குமா என்று மட்டும் கேட்டால் நான் எதை வைத்துச் சொல்ல, அண்ணாச்சி?

மொட்டை மாடியில் தூண் கம்பியை நீட்டி விட்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அது கட்டியவருக்கு மேலே எழுப்பும் எண்ணம் இருந்தது என்பதற்கு அடையாளம், அவ்வளவுதான். அடித்தளத்தையும் அந்த எண்ணத்தோடு போட்டாரா என்பது கம்பியைப் பார்த்தால் தெரியாது. இருபது வருஷம் மழையில் நனைந்து துருப்பிடித்த கம்பியில் புதுக் கம்பியைச் சேர்த்துக் கட்டுவதும் தப்பு.

வீட்டுக்குத் தளம் போடும்போது, ஆட்களும் சாமானுமாகச் சதுர மீட்டருக்கு 200 கிலோ வரும் என்று கணக்கு வைப்போம். கடை என்றால் 400. சரக்கு அடுக்கும் இடம் என்றால் 600-க்குக் குறையாது. ஜவுளி பண்டலும் டைல்ஸ் பெட்டியும் மாடிக்கு ஏறினால் அதற்கும் மேலே போகும். மண்ணும் இடத்துக்கு இடம் மாறும். நெல்லை டவுன் பக்கம் வயலையும் வாய்க்காலையும் ஒட்டிய களிமண், பாளையங்கோட்டை மேட்டில் செம்மண். அங்கே தாங்கியது இங்கே தாங்கும் என்று சொல்ல முடியாது.

நீங்கள் கேட்டு வாங்க வேண்டியவை மூன்று: பழைய கட்டுமான வரைபடம், தூணில் துளையிட்டு மாதிரி எடுத்துச் சோதித்த அறிக்கை, மண் பரிசோதனை அறிக்கை. சுத்தியல் வைத்துத் தட்டிப் பார்த்தோம், நன்றாக இருக்கிறது என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அந்தச் சோதனை மேல்தோலைத்தான் காட்டும்.

மாநகராட்சிக் கடை ஒன்றில் ஏழு வருஷமாக உள்வாடகைக்கு இருக்கிறேன். புதுக் கட்டடத்தில் எனக்குக் கடை கிடைக்குமா?

கிடைக்காது. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரிடம்தான் பேசுவார்கள். உள்வாடகை விட்டது தெரிந்தால் அவருக்கே சிக்கல்.

இடித்துக் கட்டி முடித்ததும் பழைய கடைக்காரர்களுக்கே முன்னுரிமை என்று கூட்டத்தில் சொன்னார்கள். நம்பிக் காலி செய்யலாமா?
- பாத்திரக் கடைக்காரர்

கூட்டத்தில் சொன்னதற்கு மதிப்பில்லை. நகராட்சி மன்றத் தீர்மானத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். தீர்மான எண்ணும் தேதியும் கேளுங்கள். தர மறுத்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி மனுப் போடுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும். தீர்மானத்தில் மூன்று விஷயம் எழுத்தில் இருக்க வேண்டும்: கட்டுகிற காலத்தில் தற்காலிகக் கடை எங்கே, புதுக் கடையின் அளவு என்ன, வாடகையை எப்படி நிர்ணயிப்பார்கள்.

மூன்றாவதுதான் ஆளைச் சாய்க்கும். முன்னுரிமை தருவார்கள், ஆனால் வாடகை உங்களால் தொட முடியாத இடத்தில் இருக்கும். அப்புறம், ஒன்றரை வருஷத்தில் முடிப்போம் என்பதை இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள். நம் நெல்லை ஜங்ஷன் பேருந்து நிலையத்தை 2018-இல் இடித்தார்கள். மறுபடி பஸ் வந்து நின்றது எப்போது என்று அங்கே கடை வைத்திருந்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

10 செண்ட் மனை. வணிகக் கட்டடம் எத்தனை சதுர அடி கட்டலாம்?

முன்னால் இருக்கும் தெரு எத்தனை அடி அகலம்? அதைச் சொல்லாமல் இந்தக் கேள்வியைக் கேட்கவே கூடாது. 2019-இல் வந்த தமிழ்நாட்டுக் கட்டட விதிகளின்படி எஃப்.எஸ்.ஐ. 2, அதாவது எல்லாத் தளமும் சேர்த்து மனைப் பரப்பைப் போல இரண்டு மடங்கு கட்டலாம். அப்படியானால் கணக்குக்குச் சுமார் 8,700 சதுர அடி. பக்க இடைவெளி, வண்டி நிறுத்தம், படிக்கட்டு எல்லாம் போக எவ்வளவு தேறும் என்பதைத் தெரு அகலமும் கட்டட உயரமும் தீர்மானிக்கும்.

எங்கள் வளாகத்தின் பின்பக்கம் வண்டி நிறுத்தும் இடம் பாதி நாள் சும்மாதான் கிடக்கிறது. அதில் 30 கடை கட்டும் திட்டத்தைச் சிலர் எதிர்க்கிறார்கள். ஊருக்கு வருமானம் வருவதை ஏன் தடுக்க வேண்டும்?
- வியாபாரி, நெல்லை

'சும்மா கிடக்கிறது' என்ற சொல்லை முப்பது வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கணக்கு. பத்துக்குப் பன்னிரண்டு அடியில் 30 கடை என்றால் 3,600 சதுர அடி. ஒரு காருக்கு நிற்க இரண்டரைக்கு ஐந்து மீட்டர் வேண்டும். திரும்பி வெளியே போக வழியும் விட்டால் இரண்டு மடங்கு ஆகும். ஆக நீங்கள் எடுத்துக்கொள்வது சுமாராக ஒரு டஜன் கார் நிற்கும் இடம், அல்லது நூறு பைக் நிற்கும் இடம். இப்போது அந்த 30 கடை கொண்டுவரும் வண்டியைப் பாருங்கள். கடைக்கு இரண்டு பேர் என்றால் முதலாளி, வேலையாள் பைக் மட்டுமே 60. வாங்க வருகிறவர்கள் தனி, சரக்கு இறக்கும் மினி லாரி தனி. நூறு வண்டி நிற்கும் இடத்தை எடுத்துவிட்டு, இன்னும் நூறு வண்டியை வரவழைக்கிறீர்கள். அவை எங்கே போய் நிற்கும்? ரோட்டில்தான். டவுன் ரத வீதிகளில் தீபாவளிக்கு முந்தின வாரம் நடந்து பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தேர் ஓடும் வீதியை அகலப்படுத்தவும் முடியாது.

வருமானம் என்கிறீர்கள். வண்டி நிறுத்த இடம் கிடைக்காத குடும்பம் இரண்டாம் தடவை வராது. வண்ணாரப்பேட்டைப் பக்கம் போய்விடும். முன்பக்கக் கடைகளில் வியாபாரம் படுத்தால், புதுக் கடை வாடகையை வைத்து அதை ஈடு கட்ட முடியாது.

இரண்டாவது, தீ. இதை நான் கண்ணால் பார்த்தேன். வேலைக்குச் சேர்ந்து சில வருஷம் ஆகியிருந்தது. ஓர் ஊரில் வளாகத்துக்குப் பின்னால் பன்னிரண்டு அடிச் சந்து இருந்தது. அதில் ஆறு கடை அடைத்துக் கட்டலாம் என்று கோப்பு வந்தது. கூடாது என்று குறிப்பு எழுதினேன். என் குறிப்பையும் மீறிக் கையெழுத்தாகிக் கடை வந்துவிட்டது. இரண்டு வருஷம் கழித்து ஒரு ராத்திரி பிளாஸ்டிக் சாமான் கிடங்கில் தீப்பிடித்தது. தீயணைப்பு வண்டி வாசலுக்கு வந்துவிட்டது, ஆனால் தீ பின்பக்கம். குழாயை முன்பக்கக் கடைகளின் ஷட்டரை உடைத்து உள்ளே இழுத்துக்கொண்டு போனார்கள். ஒரு கடையோடு நிற்க வேண்டிய தீ பதினோரு கடையைத் தின்றது. ராத்திரி என்பதால் உயிர் போகவில்லை. மறுநாள் காலையில் ஒரு நோட்டுப் புத்தகக் கடைக்காரர் கரிந்த கட்டுகளைப் பிரித்துப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜூன் மாதத்துக்காக வாங்கி அடுக்கிய சரக்கு.

பெரிய ஊரில் மட்டும் வேறாக நடக்கவில்லை. 2017 மே மாதம் சென்னை தியாகராய நகரில் பல மாடி ஜவுளிக்கடை தீப்பிடித்து எரிந்து, கட்டடத்தின் ஒரு பகுதியே சரிந்தது. 2018 பிப்ரவரியில் மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் வீரவசந்தராயர் மண்டபம் எரிந்தது. மண்டபத்துக்குள் இருந்த கடைகளில் பற்றிய தீ அது. ஆள் நடக்கும் வழியில் சரக்கை அடுக்கினால் தீக்கு வழி போட்டுக் கொடுத்த மாதிரிதான். தீயணைப்பு வண்டி உள்ளே வர வாசலே பதினைந்து அடி அகலம் வேண்டும். வந்த வண்டி திரும்பவும் இடம் வேண்டும்.

மூன்றாவது, தண்ணீர். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி பெருகி ஜங்ஷன், கொக்கிரகுளம் எல்லாம் தண்ணீரில் நின்றதைப் பார்த்தோம். அந்த அளவு மழையை எந்த மைதானமும் உறிஞ்சாதுதான். ஆனால் சாதாரண ஐப்பசி மழைக்கே கடைக்குள் தண்ணீர் வரும் வளாகங்களைப் பாருங்கள், பெரும்பாலும் பின்பக்கத்தை முழுக்க சிமெண்ட் போட்டு அடைத்தவையாக இருக்கும்.

ஆகவே அந்த இடம் காலையில் சரக்கு இறக்குகிறது, சாயங்காலம் வண்டிகளை ஏந்துகிறது, மழையில் தண்ணீரை வாங்குகிறது, தீ வந்தால் ஆளை வெளியே விடுகிறது. உங்கள் வளாகத்தின் பழைய முத்திரை வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். அந்த இடத்தில் 'வாகன நிறுத்தம்' என்று எழுதியிருந்தால், கட்டட அனுமதி அதைக் காட்டித்தான் வாங்கப்பட்டது. அதை மூடிக் கடை கட்டினால் முதல் கட்டடமே விதிமீறல் ஆகிவிடும். எதிர்ப்பவர்கள் ஊருக்கு நல்லதுதான் செய்கிறார்கள்.

தரைக்கடியில் வண்டி நிறுத்தம் கட்டிவிட்டு, கொஞ்ச நாள் கழித்து கிடங்காக்கிக்கொள்ளலாமா?

கூடாது. மேலே உள்ள பதிலைப் படியுங்கள்.

அம்மா முப்பது வருஷமாக வளாக வாசலில் பூ விற்கிறார். விரிவாக்க வேலைக்காக நாளையே எழுந்து போ என்கிறார்கள்.
- மகன்

தம்பி, அம்மாவைப் பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். தெரு வியாபாரிகளுக்கென்று 2014-இல் மத்தியச் சட்டம் வந்திருக்கிறது. இடம் மாற்றவோ அப்புறப்படுத்தவோ 30 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும். கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் கொடுக்கும் வரை யாரையும் எழுப்பக் கூடாது என்றும் இருக்கிறது. ஊருக்கு ஒரு விற்பனைக் குழு உண்டு. அதில் 40 சதவீதம் பேர் வியாபாரிகளாகவே இருக்க வேண்டும். அம்மா பெயர் கணக்கெடுப்பில் இருக்கிறதா என்று இன்றே போய்ப் பாருங்கள். இல்லையென்றால் மனு எழுதிக் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்கு நகலில் முத்திரை வாங்கி வாருங்கள். ரேஷன் கார்டு, பழைய தரைவாடகைச் சீட்டு, எது இருந்தாலும் பத்திரமாக வைத்திருங்கள்.

காய்கறிக் கடைகளை முதல் மாடிக்கு ஏற்றி, கீழே ஜவுளி, செல்போன் கடைகள் என்று திட்டம். சரிதானா?

சரியில்லை. காலையில் பாவூர்ச்சத்திரம் காய்கறிச் சந்தையிலிருந்து லோடு வந்து இறங்கும்போது ஐம்பது கிலோ மூட்டையை யார் தலையில் ஏற்றுவது? லிஃப்ட் இருக்கிறது என்பார்கள். அதற்கு மாதப் பராமரிப்பு யார் கட்டுவது என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும். கால் கிலோ கத்திரிக்காய்க்கு யாரும் படி ஏற மாட்டார்கள். தையல், டியூஷன், டாக்டர், ஆடிட்டர் என்று தேடி வரும் தொழில்களை மாடிக்குக் கொடுங்கள். காய், மீன், பூ தரையில்தான் இருக்க வேண்டும்.

சக்கர நாற்காலியில் வருகிறேன். சாய்வுப் பாதை இருக்கிறது, ஆனால் ஏற முடியவில்லை.
- வாசகி, பாளையங்கோட்டை

ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். வாசல் இரண்டடி உயரம் என்றால் பாதை 24 அடி. அளந்து பாருங்கள், எட்டடியில் முடித்திருப்பார்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தைச் சொல்லி ஆணையருக்கு எழுதுங்கள். விரிவாக்க வரைபடத்திலும் இந்தப் பாதையைக் கேளுங்கள். கட்டி முடித்த பிறகு 24 அடி எங்கே என்று தேட முடியாது.

கோயில் மனையில் கடை. நானே சொந்தச் செலவில் மாடி எடுத்து விரிவாக்கலாமா?

நிலம் கோயிலுடையது. எழுத்து அனுமதி இல்லாமல் ஒரு செங்கல் வைக்காதீர்கள். ஐந்து வருஷத்துக்கு மேல் குத்தகை என்றால் அறநிலையத் துறை ஆணையரின் ஒப்புதல் வேண்டும்.

தனியார் வளாகத்தின் புதுப் பகுதியில் கடை வாங்க இப்போதே 5 லட்சம் கட்டினால் தள்ளுபடி என்கிறார்கள்.

விலைக்கா, வாடகைக்கா? எழுதவில்லை. விலைக்கு என்றால், நிலம் 500 சதுர மீட்டரைத் தாண்டி எட்டுக் கடைக்கு மேல் இருந்தால் ரெரா, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தில் பதிவு வேண்டும். பதிவு எண் இல்லாமல் முன்பணம் வாங்குவதே தவறு. பதிவு இருந்தாலும், பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. வாடகை அட்வான்ஸ் என்றால் ரெரா உங்களைக் காப்பாற்றாது. இரண்டுக்கும் முதல் வேலை ஒன்றுதான்: முத்திரை வரைபடத்தில் உங்கள் கடை எண் இருக்கிறதா என்று பாருங்கள். கண்ணாடிச் சட்டத்தில் மாட்டியிருக்கும் கலர்ப் படத்துக்குப் பணம் கட்டாதீர்கள்.

வரைபடம் அனுப்பியிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.

பாதித் தாள்தான் படத்தில் விழுந்திருக்கிறது. அளவுகோலும் வடக்குக் குறியும் வெட்டுப்பட்டுவிட்டன. தாளை முழுக்க விரித்து வைத்து மறுபடி எடுத்து அனுப்புங்கள். பின்பக்கச் சந்து வரைபடத்தில் 16 அடி என்று தெரிகிறது. நேரில் போய் டேப் பிடித்து அளந்து, அந்த அளவையும் பக்கத்தில் எழுதி அனுப்புங்கள்.