மனநலம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் தம்பிக்கு 23 வயது. சில மாதங்களாக இரவில் உறங்குவதில்லை. பக்கத்து வீட்டார் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்று யன்னல்களை மூடிவைக்கிறான். புறக்கோட்டையில் பார்த்த கடை வேலையையும் விட்டுவிட்டான். அம்மா கோயிலில் நூல் கட்டினார். செய்வினை என்றார்கள், அதற்கும் செலவழித்தோம். வைத்தியரிடம் காட்டலாம் என்றால், "அங்கொடை மனநல ஆஸ்பத்திரிக்குப் போனவன் என்று பெயர் வந்தால் உன் கலியாணமும் குழம்பும்" என்கிறார் மாமா. என்ன செய்வது?
– ஒரு சகோதரி, கொட்டாஞ்சேனை

பதில்: சகோதரி, தம்பியை இனியும் தாமதிக்காமல் வைத்தியரிடம் காட்டுங்கள். உறக்கமின்மையும் ஆதாரமற்ற சந்தேகமும் இந்த வயதில் சேர்ந்து வரும்போது, அது மனநோயின் தொடக்கமாக இருக்கலாம். போதைப்பொருளாலோ வேறு உடல் நோயாலோ வந்ததாகவும் இருக்கலாம். நேரில் பரிசோதித்தவரே அதைச் சொல்ல முடியும். எதுவானாலும், சிகிச்சை முந்தத் தொடங்கினால் அவர் தொழிலுக்குத் திரும்பும் வாய்ப்பு கூடும்.

அம்மா நூல் கட்டியதைக் குறை சொல்ல மாட்டேன். நம்மவரில் பலர் முதலில் போவது கோயிலுக்கோ, கொச்சிக்கடை அந்தோனியாரிடமோதான். அங்கே தமிழில் மனம்விட்டு அழலாம், யாரும் பெயர் பதிவதில்லை. நேர்த்தி தொடரட்டும். ஆனால் மருந்தை நிறுத்தச் சொல்பவரிடமும், கட்டிவைக்கவோ அடிக்கவோ பட்டினி போடவோ சொல்பவரிடமும் தம்பியை ஒப்படைக்காதீர்கள்.

முதலில் அங்கொடைக்குத்தான் போக வேண்டும் என்றில்லை. கொழும்பு தேசிய வைத்தியசாலையிலும் களுபோவில வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவுகள் உண்டு. வெளிநோயாளர் பிரிவில் துண்டு எடுத்து நிலைமையைச் சொன்னால் கிளினிக்குக்கு அனுப்புவார்கள், கட்டணம் இல்லை. அங்கொடையில் உள்ள தேசிய மனநல நிறுவகத்துக்கு அனுப்பினாலும், அங்கும் கிளினிக்கில் மருந்து வாங்கிக்கொண்டு அன்றே வீடு திரும்புவோர் ஏராளம். தம்பியின் சுகயீனத்தைக் கேட்டு விலகக்கூடிய ஒரு சம்பந்தத்துக்காக அவருடைய சிகிச்சையைத் தள்ளிப்போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

நம்மவர் அதிகம் தடுமாறுவது வைத்தியரின் மேசைக்கு முன்னால்தான். "நெஞ்சு அடைக்குது, தலை விறைக்குது" என்று மட்டும் சொல்லி, ஈசிஜி எடுத்து, விற்றமின் குளிசையோடு வீடு திரும்புபவர்கள் உண்டு. ஆகவே, உறக்கம் எப்போது கெட்டது, அண்டை வீட்டாரைப் பற்றித் தம்பி என்ன சொல்கிறார், சாப்பாடு எப்படி, முன்பு என்ன மருந்து எடுத்தார் என்பவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். தமிழ் தெரிந்த வைத்தியரோ தாதியோ எந்த நாளில் இருப்பார் என்று கேளுங்கள். சிங்களம் தெரியும் என்பதற்காக வீட்டுச் சிறுபிள்ளையை மொழிபெயர்க்க அழைத்துச் செல்லாதீர்கள்.

தம்பி வர மறுத்தால், 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு நீங்களே அழைத்து ஆலோசனை கேட்கலாம், தமிழிலும் பேசுவார்கள். குளிசை முழுப் பலன் தரச் சில வாரங்கள் செல்லும். நான்கு இரவு நன்றாக உறங்கிவிட்டார் என்று வீட்டாரே அதை நிறுத்தக்கூடாது.

கேள்வி: உயிரை மாய்த்துக்கொள்ள முயன்ற ஒருவரை வைத்தியசாலைக்குக் கொண்டுபோனால் அவர்மீது வழக்குப் போடுவார்களா?
– வாசகர், வெள்ளவத்தை

பதில்: இல்லை. இலங்கையில் தற்கொலை முயற்சி குற்றம் என்ற சட்டம் 1998இல் நீக்கப்பட்டது. ஒரு நிமிடமும் யோசிக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோய், நடந்ததை மறைக்காமல் சொல்லுங்கள்; விபத்து என்று சொல்லிவிட்டால் உடலுக்கு மட்டும் மருந்து கிடைக்கும், மனநல வைத்தியர் அவரைப் பார்க்காமலே வீட்டுக்கு அனுப்பிவிடவும் கூடும்.