கொழுப்பு மாத்திரை எம்.எஸ்.ஸுக்கு உதவுமா?

கேள்வி: அக்காவுக்கு 9 வருடமாக மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் (எம்.எஸ்., மூளை, தண்டுவட நரம்புகளின் உறை தேயும் நோய்). இப்போது நோய் திடீரெனக் கூடும் அட்டாக் வருவதில்லை, ஆனால் நடை தளர்ந்துகொண்டே போகிறது. கொழுப்பைக் குறைக்கும் சிம்வாஸ்டாடின் 80 மி.கி. சாப்பிட்டால் மூளை சுருங்குவது குறையும் என்று நோயாளிகளின் வாட்ஸ்அப் குழுவில் சொல்கிறார்கள். மெடிக்கலில் வாங்கிக் கொடுக்கலாமா?
– வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: வேண்டாம். அந்தச் செய்தி பொய்யல்ல, பழையது. 2014-இல் வெளியான பிரிட்டிஷ் சோதனையில் 140 பேர் கலந்துகொண்டார்கள். மூளை சுருங்கும் வேகம் 43 சதவீதம் குறைந்தது. அதை நம்பி 964 பேரிடம் பெரிய சோதனை நடந்தது. 2024-இல் முடிவு வந்தது: முடக்கம் கூடுவதில் மருந்துக்கும் வெற்று மாத்திரைக்கும் வித்தியாசமில்லை. ஸ்கேனில் தெரிந்த நன்மை காலுக்கு வந்து சேரவில்லை.

80 மி.கி. தசையைச் சிதைக்கக்கூடிய அளவு. கூடவே கிருமிக்கான கிளாரித்ரோமைசினோ பூஞ்சைக்கான இட்ராகோனசோலோ சேர்ந்தால் ஆபத்து இன்னும் ஏறும். கால் தளர்ந்தவருக்குத் தசை சோர்ந்தால் வீட்டில் எல்லோரும் நோயைத்தான் பழிப்பார்கள், மாத்திரையைச் சந்தேகிக்க மாட்டார்கள். கொழுப்புக்காக டாக்டரே எழுதிக் கொடுத்தது என்றால் அதை நிறுத்தவும் வேண்டாம்.

கேள்வி: எங்கள் பகுதியில் எம்.எஸ். உள்ள 12 பேர் சேர்ந்திருக்கிறோம். நால்ட்ரெக்சோன் 4.5 மி.கி. மூன்று மாதம் சாப்பிட்டுப் பலனைக் குறித்து வைக்க ஆசை. எப்படிச் செய்தால் நம்பும்படி இருக்கும்?
– வாசகர், செங்கோட்டை

பதில்: உங்கள் ஊரில் முதல் எதிரி சாரல்தான். சித்திரை வெயிலில் தொடங்கி ஆனிச் சாரலில் அளந்தால், நடை தேறியது குளிர்ச்சியால்கூட இருக்கலாம். உடல் சூடு அரை டிகிரி ஏறினாலே, மயலின் உறை தேய்ந்த நரம்பில் செய்தி தடுமாறும்.

எனவே மருந்துக்கு முன்பே 8 வாரம் அளந்து வையுங்கள். தரையில் 25 அடி, அதாவது 7.62 மீட்டர், டேப் ஒட்டிக் குறியுங்கள். விழாத அளவு வேகமாக நடக்கச் சொல்லி ஸ்டாப்வாட்சில் இருமுறை பார்த்துச் சராசரி எடுங்கள். அதே காலை நேரம், அதே செருப்பு, அதே ஊன்றுகோல். 20 சதவீதத்துக்குக் குறைவான மாற்றத்தைக் கணக்கில் எடுக்காதீர்கள்; அந்த அளவு ஏற்ற இறக்கம் சும்மாவே வரும். இடையில் தசை இறுக்கத்துக்கான பேக்லோஃபென் அளவை மாற்றினாலோ, பிசியோதெரபி தொடங்கினாலோ, ஸ்டெராய்டு ஊசி போட்டாலோ தேதியோடு எழுதுங்கள்.

நால்ட்ரெக்சோன் மாத்திரை இங்கே பெரும்பாலும் 50 மி.கி.யாகத்தான் கிடைக்கும், குடியை நிறுத்தக் கொடுப்பது. பிளேடால் பதினொரு துண்டாக்குவது நடக்காத காரியம். மருந்தாளுநர் அளந்து தயாரித்துக் கொடுக்க வேண்டும், நியூராலஜிஸ்ட் சீட்டோடு. டிராமடால் வலி மருந்து, கோடீன் இருமல் மருந்து சாப்பிடுபவர் தொடவே கூடாது: நால்ட்ரெக்சோன் அவற்றைத் தடுப்பதால் வலி மருந்து வேலை செய்யாமல் போகும், பழகிய மருந்தைத் திடீரென நிறுத்தினால் வரும் தொல்லையும் வரும்.

12 பேரை வைத்து நால்ட்ரெக்சோனை நிரூபிக்க முடியாது. கலிபோர்னியாவில் 60 பேர் முடித்து 2010-இல் வெளியான சோதனையில்கூட மனநலக் கேள்விகளில்தான் முன்னேற்றம். உடல் சார்ந்த கேள்விகளில் இல்லை. ஆனால் நோயாளிகளின் பதிவேடு வீண் என்று சொல்ல மாட்டேன். ஏ.எல்.எஸ். (தசைகளை முடக்கும் நரம்பு நோய்) நோயாளிகள் லித்தியம் சாப்பிட்டுத் தாங்களே பதிந்ததை, மருந்து எடுக்காத ஒத்த நிலை நோயாளிகளோடு ஒப்பிட்டு, அது பயனில்லை என்று 2011-இல் வெளியிட்டார்கள். ஒப்பிட ஆள் இருந்ததுதான் அதன் பலம்.

உங்களில் பாதிப் பேருக்கு வெற்றுக் காப்ஸ்யூல் கொடுத்தால் அது சட்டப்படி மருத்துவச் சோதனை. எத்திக்ஸ் கமிட்டி ஒப்புதலும், இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேடான சி.டி.ஆர்.ஐ.யில் பதிவும் வேண்டும். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனம் போன்ற நரம்பியல் மையத்தின் மருத்துவர் ஒருவர் தலைமை ஏற்காமல் அது நகராது.

கேள்வி: முடிக்காக விற்கும் பயோட்டின் 10 மி.கி.யை முப்பது சாப்பிட்டால் எம்.எஸ்.ஸுக்கு நல்லதாமே?
– வாசகி, களியக்காவிளை

பதில்: முப்பது மாத்திரை சேர்ந்தால் 300 மி.கி.; எம்.எஸ். சோதனையில் ஒரு நாளைக்குக் கொடுத்த அளவும் அதுதான். 642 பேர் சோதனையில் அது பலிக்கவில்லை. தைராய்டு ரத்தப் பரிசோதனையையும் அது கெடுக்கும். இல்லாத தைராய்டு நோய் இருப்பதாக ரிப்போர்ட் வரும். ஏற்கெனவே சாப்பிட்டிருந்தால், ரத்தம் கொடுக்கக் குறைந்தது 3 நாள் முன்பே நிறுத்திவிட்டு, லேபிலும் சொல்லுங்கள்.