கிரில் அடுப்பில் தீ: ரிப்பேர் பார்த்தவர் மீது வழக்குப் போடலாமா?

கேள்வி: மதுரை திருப்பாலையில் வசிக்கிறேன். தனியார் நிறுவனத்தில் கணக்காளர். 12 வருடங்களுக்கு முன் என் மைத்துனர் துபாயிலிருந்து கொண்டுவந்த மூன்று பர்னர் காஸ் கிரில் அடுப்பு துருப்பிடித்துக் கிடந்தது. அடுப்பு ரிப்பேர் பார்க்கும் ஒருவரிடம் கொடுத்தேன். பர்னர் குழாய், வால்வு, டியூப் எல்லாம் மாற்றி, ஜிபேயில் 6,800 ரூபாய் வாங்கிக்கொண்டார். பில் தரவில்லை. தீ சிறிதாக எரிகிறதே என்றதும், ஹோட்டல் அடுப்புக்குப் போடும் ஹை பிரஷர் ரெகுலேட்டரை மாட்டிவிட்டார். ஐந்தாவது வாரம், மொட்டை மாடியில் கோழி சுட்டுக்கொண்டிருந்தபோது காஸைத் திறந்து மூடும் திருகுகளுக்குப் பின்னாலிருந்து தீ வந்து என் வலது கை வெந்துவிட்டது. மருத்துவச் செலவு 38,000 ரூபாய். உதவிக்கு வரும் பையனுக்கும் முழங்கையில் காயம். கேட்கப் போனால் என் மனைவி முன்னால் ஒருமையில் பேசினார். சனி, ஞாயிறுகளில் தெரிந்தவர்களுக்கு மட்டும் கிரில் சிக்கன் ஆர்டர் எடுத்து வந்தேன். கமர்ஷியல் சிலிண்டர் கட்டுப்படியாகாது என்பதால் வீட்டுச் சிலிண்டர்தான். இப்போது அந்த வருமானமும் போயிற்று. '5 லட்சம் தராவிட்டால் போலீஸுக்குப் போவேன்' என்று வாட்ஸ்அப்பில் அனுப்பினேன், பதில் இல்லை. வேறு ஒரு மெக்கானிக் அடுப்பைப் பிரித்து, ஒரு குழாய்க்குள் குளவிக்கூடு இருந்ததாகச் சொல்லிச் சுத்தம் செய்திருக்கிறார். நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா? போலீஸில் புகாரும் கொடுக்கலாமா?

பதில்: வெந்த கையோடு போய் நின்றவரை அவர் ஒருமையில் பேசியது தவறு. அதற்காக ஆணையம் உங்களுக்குப் பணம் தராது. பில் இல்லாததும் உங்கள் வழக்குக்குப் பெரிய தடையில்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் கொடுக்காததே முறையற்ற வணிக நடைமுறை. பணம் கொடுத்ததற்கு ஜிபே பதிவு இருக்கிறது. இவை இரண்டையும் விட்டுவிடுங்கள்.

நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரியில் உங்கள் வழக்கு முழுவதும் இருக்கிறது: வார இறுதியில் ஆர்டர், அதற்கு வீட்டுச் சிலிண்டர்.

வழக்குப் போட்டால் எதிர்த்தரப்பு வக்கீல் தீயைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே, 'மனுதாரர் நுகர்வோரே அல்ல, வியாபாரத்துக்காகச் சேவை பெற்றவர்' என்று பதிலுரையில் எழுதுவார். நான் அந்தப் பக்கம் ஆஜரானாலும் அதைத்தான் எழுதுவேன். அதற்கு நீங்கள் சொல்லக்கூடிய பதில்கள் இரண்டுதான்.

'வீட்டு உபயோகத்துக்குத்தான்' என்று பிரமாணப் பத்திரத்தில் சத்தியம் செய்வது முதலாவது. அது பொய். அந்தப் பொய்யை உடைக்கும் ஆவணத்தையும் நீங்களே தாக்கல் செய்வீர்கள். 6,800 ரூபாய் கொடுத்ததைக் காட்ட வங்கிக் கணக்கின் பக்கத்தை இணைக்கும்போது, சனிக்கிழமை தோறும் ஐந்தாறு பேரிடமிருந்து வந்த பணமும் அதே பக்கத்தில் இருக்கும். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்ட விலைப்பட்டியலை யாராவது சேமித்து வைத்திருப்பார்கள்.

'சுயதொழில் செய்து பிழைக்கிறேன்' என்பது இரண்டாவது. சட்டம் அதற்கு இடம் தருகிறது. லட்சுமி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் எதிர் பி.எஸ்.ஜி. வழக்கில் 1995-ல் உச்ச நீதிமன்றம், தானே உழைத்துப் பிழைப்பவர் உதவிக்கு ஒன்றிரண்டு பேரை வைத்துக்கொண்டாலும் நுகர்வோர்தான் என்றது. ஆனால் 'பிழைப்புக்காக மட்டுமே' என்று சட்டம் சொல்கிறது. உங்களுக்கு மாதச் சம்பளம் வருகிறது. பழைய 1986 சட்டத்தில் இந்த விலக்கு பொருளுக்கும் சேவைக்கும் சேர்த்து இருந்தது. 2019 சட்டத்தின் விளக்கத்தில் பொருள் மட்டும்தான் இருக்கிறது. நீங்கள் பெற்றது ரிப்பேர் சேவை. இதையெல்லாம் வாதாடிப் பார்க்கலாம், சில வழக்குகளில் வாதாடியும் இருக்கிறேன். ஆனால் இந்த வாதத்தை எழுதிய நிமிடமே, மானிய விநியோகத்துக்கான 14.2 கிலோ வீட்டுச் சிலிண்டரை வியாபாரத்துக்குப் பயன்படுத்தினேன் என்று உங்கள் கையெழுத்தோடு ஒப்புக்கொண்டு விடுகிறீர்கள். 2000-ஆம் ஆண்டு எரிவாயு விநியோக ஒழுங்குமுறை ஆணைப்படி அது குற்றம். அந்த ஆணை 1955 அத்தியாவசியப் பண்டங்கள் சட்டத்தின் கீழ் வந்தது. தண்டனை மூன்று மாதத்தில் தொடங்கி ஏழு வருடம் வரை. சிலிண்டரையும் பறிமுதல் செய்யலாம்.

பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. என் கட்சிக்காரர் ஒருவர் இப்படியே சிக்கினார். மேலூர்ப் பக்கம் வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்றவர். கிரைண்டர் மோட்டாரைச் சரியாகக் கட்டவில்லை என்று ஒருவர் மீது வழக்கு. தொகை சில ஆயிரங்கள்தான். 'கட்டணமே இல்லையே சார், போட்டுப் பார்ப்போம்' என்றார். நானும் போட்டேன், அப்போது எனக்கு இவ்வளவு யோசனை இல்லை. தினமும் எத்தனை கிலோ அரைக்கிறீர்கள் என்று எதிர்த்தரப்பு எழுத்துமூலம் கேட்டது. பெருமையாகவே பதில் சொன்னார். அந்தப் பதிலின் நகலோடு மின்வாரியத்துக்கு ஒரு மனு போனது. வீட்டு இணைப்பில் வியாபாரம். மின்சாரச் சட்டம் 126-ஆம் பிரிவில் அதற்கு உரிய கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு கணக்கிட்டார்கள். மோட்டார் வழக்கில் ஜெயித்தோம். வந்த பணம் அந்த பில்லில் கால்வாசிக்குக்கூடக் காணவில்லை. அவர் மனைவி என் அலுவலகத்தில் உட்கார்ந்து அழுதது இன்னும் எனக்கு மறக்கவில்லை. அதிலிருந்து, யார் எந்த இயந்திரத்தைப் பற்றிப் புகார் கொண்டுவந்தாலும், அது எந்தக் கரண்டில், எந்த காஸில், யார் பெயரில் ஓடுகிறது என்பதைத்தான் முதலில் கேட்கிறேன்.

போலீஸ் புகார் இன்னும் மோசம். தீயைக் கவனக்குறைவாகக் கையாண்டது குற்றம்தான், பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 287-ஆம் பிரிவு. ஆனால் அந்தப் பிரிவு ரிப்பேர் பார்த்தவருக்கு மட்டுமானதல்ல. வீட்டுச் சிலிண்டரில் ஹை பிரஷர் ரெகுலேட்டர் மாட்டி ஐந்து வாரம் எரித்தது யார் என்று விசாரணை அதிகாரி கேட்டால் என்ன சொல்வீர்கள்? காஸ் ஏஜென்சி மூலம் இன்சூரன்ஸ் கேட்டாலும் ஆய்வுக்கு வருபவர் இதே கேள்வியைத்தான் கேட்பார்.

அந்த வாட்ஸ்அப் செய்தியை இனிமேல் திரும்ப அனுப்பாதீர்கள். போலீஸைக் காட்டிப் பணம் கேட்பதை மிரட்டிப் பணம் பறிப்பது என்று அவர் வக்கீல் எழுதினால், விளக்கம் சொல்ல வேண்டியவர் நீங்களாகிவிடுவீர்கள். அனுப்பியதை அழிக்கவும் வேண்டாம், அது அவர் போனில் இருக்கிறது.

உங்கள் பக்கம் பலமே இல்லை என்று சொல்லமாட்டேன். வீட்டு ரெகுலேட்டர் சுமார் 30 மில்லிபார் அழுத்தத்தில் காஸ் விடும். வீட்டுக் கிரில் அடுப்புகள் ஏறக்குறைய அந்த அளவுக்குச் செய்யப்பட்டவை. அதில் ஹோட்டல் ரெகுலேட்டரை மாட்டியது அவர். இதற்கு அவரிடம் பதில் கிடையாது. ஆனால் கிடப்பில் போட்ட கிரில் அடுப்பில் பர்னர் குழாயின் வாயைக் குளவியோ சிலந்தியோ அடைத்தால், காஸ் முன்னால் போக வழியின்றிப் பின்வாங்கித் திருகுப் பக்கம் தீப்பிடிக்கும். உங்களுக்கு நடந்ததும் அந்த மாதிரிதான் தெரிகிறது. கூடு ரிப்பேருக்கு முன்பே இருந்ததா, பிறகு கட்டியதா? அதைச் சொல்லக்கூடிய ஒரே சாட்சியை உங்கள் இரண்டாவது மெக்கானிக் குச்சியால் குத்தி எடுத்துப் போட்டுவிட்டார். இனி அடுப்பை யாரும் தொட வேண்டாம். அந்த ரெகுலேட்டரையும் டியூப்பையும் கழற்றி, போட்டோ எடுத்து, ஒரு டப்பாவில் போட்டு ஒட்டி வையுங்கள்.

என் ஆலோசனை, பேசி முடியுங்கள். வழக்குப் போட இரண்டு வருடம் இருக்கிறது, அவசரமில்லை. 5 லட்சத்தை மறந்துவிடுங்கள். 6,800 ரூபாயும் மருத்துவச் செலவில் பாதியும், மொத்தம் 25,000-க்குக் கொஞ்சம் மேல் கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். நேரில் போகாதீர்கள், இருவருக்கும் தெரிந்த ஒரு பெரியவரை அனுப்புங்கள். ரிப்பேர்காரர் மறுத்தால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில், வழக்குக்கு முந்தைய சமரசத்துக்கு மனு கொடுக்கலாம். அங்கே லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றத்தில்) முடிந்தால் அது நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. எழுதும்போது 'ரிப்பேர் குறைபாட்டுக்கான இழப்பீடு' என்று மட்டும் எழுதுங்கள். 'போலீஸ் புகார் கொடுக்காமலிருக்க' என்ற சொல் ஒப்பந்தத்தில் வந்தால் அது செல்லாது, உங்களுக்கு எதிரான ஆவணமாகவும் ஆகிவிடும். சிலிண்டரைப் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம். ஆர்டர் எடுப்பதைத் தொடர்வதாக இருந்தால் 19 கிலோ கமர்ஷியல் இணைப்பு வாங்கிய பிறகு தொடருங்கள்.

கடைசியாக, அந்தப் பையன். அவனுக்கு நீங்கள் ஒதுக்கியது ஒரே வாக்கியம். இந்த விபத்தில் தெளிவான இழப்பீட்டு உரிமை அவனுக்குத்தான் இருக்கிறது, அதுவும் வேலைக்கு வைத்த உங்கள் மீது. நாளைக்கு அவன் வாய் திறந்தால், சனிக்கிழமை தோறும் என்ன நடந்தது என்பதற்கு அவனே முதல் சாட்சி. ஆனால் அதற்காக அல்ல, உங்கள் மாடியில் வெந்த கை என்பதற்காகவே, ரிப்பேர்காரரிடம் ஆள் அனுப்புவதற்கு முன் அவன் வீட்டுக்கு நீங்களே போங்கள். மருந்துச் செலவையும் வேலைக்குப் போகாத நாட்களின் கூலியையும் கொடுத்து, ரசீது எழுதி வாங்குங்கள்.