பழைய பிஎம்டபிள்யூ வாங்கலாமா? அந்த நிறுவனத்தின் கதை என்ன?

மியூனிக்கில் இந்த நிறுவனம் வளர்ந்தது முதல் உலகப் போரின் விமான எஞ்சின்களால். போரில் தோற்ற ஜெர்மனி கையெழுத்திட்ட 1919 வெர்சாய் உடன்படிக்கை அந்தத் தொழிலை முடக்கியதும், 1923-இல் ஆர்32 மோட்டார் சைக்கிளைக் கொண்டுவந்தார்கள். கார் செய்ய ஆரம்பித்தது 1928-இல் ஐசனாக் நகரிலிருந்த கார் தொழிற்சாலையை வாங்கிய பிறகுதான். (சின்னத்தில் இருப்பது விமான விசிறி என்று பலர் நம்புகிறார்கள், உண்மையில் அது மியூனிக் இருக்கும் பவேரியா மாநிலத்தின் நீலமும் வெள்ளையும்.)

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்தது 1959. ஆடம்பரக் கார்களால் நஷ்டம் குவிந்து, நிறுவனத்தை டெய்ம்லர்-பென்ஸிடம் ஒப்படைக்கும் திட்டம் பங்குதாரர் கூட்டத்துக்கே வந்துவிட்டது. சிறு பங்குதாரர்களும் டீலர்களும் விடாமல் எதிர்த்து அதை முறியடித்தார்கள். அப்புறம் பங்குதாரரான தொழிலதிபர் ஹெர்பர்ட் குவாண்ட் தன் முதலீட்டை உயர்த்தினார். 1961-இல் அறிமுகமான ‘1500’ செடான் நிறுவனத்தை நிமிர்த்தியது.

சரி, வாங்கலாமா? பெரும்பாலான மாடல்களில் பின்சக்கரங்களுக்குச் சக்தி, முன்னும் பின்னும் ஏறக்குறைய சமமான எடை: வளைவுகளில் இந்தக் கார் தரும் நம்பிக்கை அபாரம். ஆனால் வயதான கார்களில் கூலிங் சிஸ்டத்தின் பிளாஸ்டிக் பாகங்கள் சூட்டில் விரிசல் விடும், வால்வ் கவர் கேஸ்கெட்டில் (எஞ்சினின் மேல்மூடிக்கு அடியில் இருக்கும் அடைப்பு) ஆயில் கசியும். பல மாடல்களில் ஸ்டெப்னி கிடையாது. அதற்குப் பதிலாக வரும் ரன்-ஃபிளாட் டயர் (பங்க்சரானாலும் கொஞ்ச தூரம் ஓடக்கூடியது) விலையும் அதிகம், மேடுபள்ளத்தில் உதறலும் அதிகம். கார் பாதி விலைக்குக் கிடைக்கலாம், உதிரிபாகம் பாதி விலைக்குக் கிடைக்காது. சர்வீஸ் பதிவுகள் இல்லாத வண்டியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள்.