வான்கோழிக்குச் செயற்கைக் கருவூட்டல்: காலையா, மாலையா?

கேள்வி: முப்பது வான்கோழிப் பெட்டைகள் வளர்க்கிறேன். சேவல்கள் கனத்துவிட்டதால், அவை ஏறும்போது பெட்டைகளின் முதுகு கிழிந்துவிடுகிறது. எனவே வாரம் ஒருமுறை, காலை 8 மணிக்குச் செயற்கை முறையில் கருவூட்டுகிறேன். ஆனாலும் பாதிக்கு மேல் கூமுட்டையாகவே போகின்றன. தவறு எங்கே?

பதில்: நீங்கள் தேர்ந்தெடுத்துள்ள நேரத்தின் மீதுதான் எனக்கு முதல் சந்தேகம். காலையில் பல பெட்டைகளின் முட்டைக் குழாயில் ஓடு கட்டிய முட்டை இறங்கக் காத்திருக்கும். அப்போது செலுத்தும் விந்து, விந்தின் உயிரணுக்கள் தங்கியிருக்கும் நுண்குழல்களைச் சரியாகச் சென்றடைவதில்லை. பெரும்பாலான பெட்டைகள் முட்டையிட்டு முடித்தபின், மாலை 5 மணிக்கு மேல் செய்து பாருங்கள்.

அடுத்தது, விந்தின் தரம். ஒரு சேவலிலிருந்து ஒரு முறைக்கு 0.15 முதல் 0.3 மில்லி வரைதான் கிடைக்கும். அது முத்து வெண்மையாகக் கெட்டியாக இருக்க வேண்டும். மஞ்சளோடியிருந்தாலோ எச்சம் கலந்திருந்தாலோ, மனம் கேட்காவிட்டாலும் கொட்டிவிடுங்கள். எச்சம் கலப்பதைத் தவிர்க்கவே, விந்து எடுப்பதற்குச் சில மணி நேரம் முன்பு சேவலுக்குத் தீவனத்தை நிறுத்துகிறோம். கழுவிய குப்பியில் ஒரு சொட்டுத் தண்ணீர் தங்கியிருந்தால்கூட உயிரணுக்கள் பாழாகும். எடுத்த விந்தை வெயில் படாமல் வைத்து, அரை மணி நேரத்துக்குள் செலுத்திவிடுவது நல்லது.

பெட்டையின் வயிற்றை இடப்பக்கமாக மென்மையாக அழுத்தினால், ஆசனவாயின் இடப்புறத்தில் முட்டைக் குழாயின் வாய் சிறு ரோஜா மொட்டுப் போலப் பிதுங்கும். ஊசியில்லாத சிரிஞ்சு அல்லது மெல்லிய குழலை ஏறத்தாழ ஓர் அங்குலம் நுழைத்து, 0.025 மில்லி செலுத்துங்கள். பலர் கோட்டை விடுவது இங்கேதான்: செலுத்தும் அந்த நொடியிலேயே வயிற்றின் அழுத்தத்தைத் தளர்த்தாவிட்டால், விந்து முழுவதும் வெளியே வழிந்துவிடும்.

முறையாகச் செய்தால் வாராவாரம் தேவையில்லை. முட்டையிடும் பருவத்தின் தொடக்கத்தில் மூன்று வாரத்துக்கு ஒருமுறையும், பிந்தைய காலத்தில் பதினைந்து நாளுக்கு ஒருமுறையும் போதும்.

இன்னொன்றையும் சரிபாருங்கள். ஒளியில் வெறுமையாகத் தெரியும் முட்டைகளில் சிலவற்றை அடைவைத்த ஏழாம் நாளில் உடைத்துப் பார்த்து, உள்ளே இரத்த வளையம் இருந்தால், அவை கருவுற்றுப் பின் இறந்தவை. அப்படியானால் முட்டைகளைச் சேமித்த விதத்தையும் இன்குபேட்டரின் வெப்பத்தையும்தான் முதலில் கவனிக்க வேண்டும்.